வலது கீழ் மூலை

அழுவதில்கூட அந்தப் பொம்பளை முந்திக்கொண்டாள்.

வண்டியின் பின்கதவு சாத்திக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஓட்டுநர் இரண்டு முறை இழுத்து அடித்துப் பார்த்தார், கொக்கி விழவில்லை. நீலச் சட்டை போட்ட மெக்கானிக்குகள் மூன்று பேர் உடனே கூடிவிட்டார்கள். ஒருவன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். துக்க வீட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவர்களை என்ன சொல்வது? இன்னொருவன் கீலை அழுத்திப் பிடித்தான். டக்கென்று கதவு உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூட்டத்தின் பின்னாலிருந்து "ஐயோ சார்!" என்று ஓர் அலறல். தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டம்மா ஓடிப்போய் அலறியவளைத் தாங்கிக்கொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். விவரம் தெரியாதவர்கள் அவள்தான் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார்கள்.

நிஜப் பெண்டாட்டி வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல். நேற்று மத்தியானம் சேதி வந்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போது தொண்டை வரைக்கும் ஏதோ வந்தது, அந்த அலறலைக் கேட்டதும் திரும்பி உள்ளேயே போய்விட்டது. இனி அழுதால் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

நீலச் சட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இவள் அண்ணி. நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். அலறியவளுக்கு ரெண்டாம் லைன் என்று பெயர்.

பெயருக்குக் காரணம் உண்டு. செத்துப்போனவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அந்தக் கம்பெனியின் ஒரு சின்ன அறைக்கு வந்து சேரும். அங்கே இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி. ஒண்ணாம் லைன் அவர், ரெண்டாம் லைன் அவள். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவன் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். இருபத்தாறு வருடம் அவர் முகம் தெரியாதவர்களிடம் வீடு வாசலை விசாரித்தார், மூச்சை மெல்ல விடச் சொன்னார், சிரிக்க வைத்தார். எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது வாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு எழுத்து. "ம்."

அண்ணிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. டோக்கன் கொடுப்பாள், பெயர் கூப்பிடுவாள், மரத்துப்போன வாயோடு வெளியே வருகிறவர்களுக்கு மாத்திரை எப்போது போடுவது என்று சொல்லி அனுப்புவாள். "பகலெல்லாம் பேச முடியாதவங்களோட, வீட்டுக்கு வந்தா பேச மாட்டேங்கிறவரோட. எனக்குன்னு அமைஞ்சது அப்படி" என்று அவள் சொன்னால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கு நாக்கில் கத்தி உண்டு என்று அங்கே பெயர். வீட்டில் அதை மெச்ச ஆள் இல்லை.

பேசாதவர் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது அந்த வாழ்த்து அட்டைகளைத்தான்.

கம்பெனியில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய அட்டை கொடுப்பார்கள். வாங்குவது அவர். மெக்கானிக்குகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள் என்பதால் அட்டையை வேலைச் சீட்டு போகிற பழுப்புக் கவரில் போட்டு அனுப்பிவைப்பார். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி மோட்டார் அறையில் ஒருவன் எழுதுவான், இன்னொரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்து வேறொருவன் எழுதுவான். கைமாறிக் கைமாறி, ஓரமெல்லாம் கிரீஸ் விரல்களோடு அட்டை அவரிடமே திரும்பி வரும். பிறந்த நாள்காரர் கண்ணில் மட்டும் படக்கூடாது, அது சட்டம். கடைசியாக எழுதுவது அவர். வலது கீழ் மூலையை யாரும் தொட மாட்டார்கள், அது ஒண்ணாம் லைனுக்கு.

துணி எடுக்கப் போனால் வாசலில் நின்று மணி பார்க்கிற மனுஷன், வாழ்த்து அட்டைக் கடையில் அரை மணி நேரம் நிற்பார். ஒன்றை எடுப்பார், வைப்பார், திரும்பப் போய் எடுப்பார். கையில் பைகளோடு அண்ணி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். அவளுடைய பிறந்த நாளுக்கு ஒரு வருடம் குடை வந்தது, ஒரு வருடம் மிக்ஸி வந்தது. "எடுத்து வெச்சுக்கோ" என்பதுதான் கூட வந்த வாழ்த்து. ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் எழுதுறீங்களே, எனக்கு ஒரு வரி எழுதினா பேனா தேஞ்சிடுமா?"

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "உனக்கு நான் என்னத்த எழுதுறது?" என்றார். அண்ணி அதோடு விட்டுவிட்டாள். ஆனால் மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி மூன்று. நீலச் சட்டைகள் மொத்தமும் கூடவே வந்துவிட்டன. வாடகை நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மகள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஸ்லோ மோஷன் என்று அழைக்கப்படும் மெக்கானிக், அவருடைய மேசையில் இருந்ததையெல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட், கைப்பிடி உடைந்த டீ கப், நாற்காலியில் போட்டு உட்காரும் சின்ன மெத்தை. ரெண்டாம் லைன் அந்த மெத்தையைக் கண்டதும் கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள். அந்த மெத்தைக்கு உறை தைத்தது அண்ணி.

மேனேஜர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. கம்பெனி தொடங்கிய கதை, முதல் லிஃப்ட், முதல் அழைப்பு, அவர் வேலைக்குச் சேர்ந்த நாள். கடைசியில் எப்படியோ வாழ்த்து அட்டைக்கு வந்து சேர்ந்தார்.

"போன வருஷம் எனக்கு எழுதினதச் சொல்றேன், கேளுங்க. 'ஊர்ல இருக்கிற எல்லா லிஃப்டுக்கும் நிறுத்துற பட்டன் வெச்சோம், உங்க பேச்சுக்கு மட்டும் வைக்க மறந்துட்டோம் சார். ஆனா நீங்க நிறுத்திட்டா ஆபீஸ் வெறிச்சுன்னு போயிடும்.' வேற எவனாவது எழுதியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். அவர் எழுதினதால ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன்."

சாவு வீடு என்பதை மறந்து நாலு பேர் சிரித்தார்கள். மகள் அண்ணியின் காதோரம் குனிந்தாள்.

"அப்பாவாம்மா இப்படி எழுதினாரு? அப்பாவுக்கு ஜோக்கெல்லாம் வருமா?"

அண்ணி மேனேஜரையே பார்த்தாள். நிறுத்துகிற பட்டன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"என்னோடதக் கேளுங்க அண்ணி" என்றான் ஸ்லோ மோஷன், சுவரோரத்திலிருந்து. "'நீ போய்ச் சேர்றதுக்குள்ள உள்ள மாட்டிக்கிட்ட ரெண்டு பேருக்குக் கல்யாணமே ஆயிடும். ஆனா நீ போய்த் திறக்காத கதவு இதுவரைக்கும் இல்ல.' என் வீட்டுல பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். அண்ணன் மாதிரி எழுத ஆளே கிடையாது."

அண்ணி கையிலிருந்த டீயைத் தரையில் வைத்தாள்.

கேட்டதல்ல, சொன்னது. இரண்டையும் சொன்னது அவளேதான். சாப்பிடும்போது அவர் ஆபீஸைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வார். "மேனேஜர் இன்னைக்கும் ஒரு மணி நேரம் பேசினாரு" என்பார். அந்த ஆபீஸின் மேல் இருக்கிற ஆத்திரமெல்லாம் அண்ணிக்கு நாக்கு நுனிக்கு வந்துவிடும். "உங்க கம்பெனில எல்லா லிஃப்டுக்கும் நிறுத்துற பட்டன் இருக்கு, அந்த ஆளு வாய்க்கு மட்டும் இல்லையா?" என்று வெட்டுவாள். அவர் "ம்" என்பார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். ஆபீஸைச் சொன்னால் துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்தாள். மறந்துபோவதற்குள் எழுதிவைக்கப் போயிருக்கிறார் மனுஷன்.

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அண்ணி தன்னுடைய வாக்கியங்களை அடையாளம் கண்டுகொண்டே வந்தாள். காணாமல் போன பாத்திரங்களெல்லாம் பக்கத்து வீட்டு அலமாரியில் பளபளவென்று அடுக்கியிருப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. வெட்டு அவளுடையது. "ஆனா" என்று ஆரம்பிக்கிற மிச்சப் பாதி மட்டும் அவருடையது. அவளிடம் வாங்கிய முள்ளில் இரண்டு சொட்டுத் தேனைத் தடவி அங்கே கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கிறார்.

உனக்கு நான் என்னத்த எழுதுறது என்று அன்றைக்குக் கேட்டது இப்போது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. விழுந்து என்ன? வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, இரண்டு மடங்கானது. சொல் அவளுடையது, ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பது மேனேஜர் வீட்டில். அவளிடம் இருப்பது ஒரு குடை. இது நான் சொன்னது என்று எழுந்து நின்று கத்தலாமா என்று பார்த்தாள். புருஷனை எடுத்துக்கொண்டுபோன அன்றைக்கு அவன் எழுதியதெல்லாம் என்னுடையது என்று சண்டை பிடித்தால் நன்றாகவா இருக்கும்?

"எனக்கு எழுதினது..." என்று ரெண்டாம் லைன் வாயைத் திறந்தாள். குரல் கம்மியிருந்தது, அப்படியும் அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. "'உங்க குரலைக் கேட்டா மாட்டிக்கிட்டவன் வெளிய வரவே மாட்டேன்னு அடம்பிடிப்பான். ஆனா வெளிய வந்தவன் எவனும் அந்தக் குரலை மறக்க மாட்டான்.'"

முதல் பாதியை அண்ணி சொன்ன அன்று வெறும் கிண்டலாகச் சொல்லவில்லை. அவசரமாக அவரைக் கூப்பிடப்போய், இந்தக் குரல் எடுத்து, "சார் லைன்ல இருக்காருக்கா, முடிஞ்சதும் பேசச் சொல்றேன்" என்று தேனாகப் பேசி வைத்துவிட்டது. அன்று இரவு பாத்திரத்தை நங்கென்று வைத்து அவள் கக்கிய விஷம் அது. அதைக் கொண்டுபோய் ரெண்டாம் லைனிடமே கொடுத்திருக்கிறார், இரண்டாம் பாதியையும் சேர்த்து. அந்த இரண்டாம் பாதியை எத்தனை நேரம் யோசித்து எழுதியிருப்பார் என்று அண்ணியால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்லோ மோஷன் முன்னால் வந்து நின்றான். கையில் பழுப்புக் கவர்.

"அண்ணி, நாங்க எல்லாரும் சேர்ந்து... ஆபீஸ் சார்பா... எங்களுக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல அண்ணி. இதுல எல்லாரும் எழுதியிருக்கோம்."

வாங்கிப் பிரித்தாள். உள்ளே இருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்கள் எட்டிப்பார்த்தன. நடுவில் தங்க எழுத்து: பிறந்த நாள் வாழ்த்துகள்.

அண்ணியின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவளுடைய பிறந்த நாள் போய் நாலு மாதம் ஆகிறது, அது அவளுக்கே தெரியும். இருந்தும் துள்ளியது. ஒளித்துவைத்திருந்தாரோ, கடைசியில் தனக்கும் ஒன்று வாங்கிவிட்டாரோ என்று ஒரு நொடி முட்டாள்தனமாக நம்பினாள். அட்டையைத் திறந்தாள். "எங்கள் ரெண்டாம் லைனுக்கு" என்று மேலே யாரோ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். இன்றைய தேதி போட்டிருந்தது.

ஸ்லோ மோஷனின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணி, அது இல்ல. ஐயோ... கவர் மாறிப்போச்சு. வெள்ளைப் பூ போட்டது அண்ணி உங்களோடது, பைல இருக்கு. இது முந்தாநாளே சுத்தி அண்ணன் மேசைக்கு வந்துடுச்சு. உங்களோடத இன்னைக்குக் காலைல வண்டி வர்றதுக்குள்ள எல்லாரும் நின்னுக்கிட்டே எழுதினோமா..."

நடந்தது அதுதான். ஒரே மாதிரி இரண்டு கவர், ஒரே பை. காலையில் எழுதிய துக்கத்தையும் மேசையில் கிடந்த வாழ்த்தையும் ஒன்றாகப் பைக்குள் போட்டு, எடுக்கும்போது மாற்றி எடுத்துவிட்டான். அவனாவது பரவாயில்லை. மற்ற நீலச் சட்டைகள் செய்ததைத்தான் அண்ணியால் நம்ப முடியவில்லை. பலூனைப் பார்த்த மாத்திரத்தில் நாலைந்து பேர் ஒரு அடி நகர்ந்து, ரெண்டாம் லைனின் பார்வையை மறைத்து வரிசையாக நின்றுவிட்டார்கள். பிறந்த நாள்காரர் கண்ணில் படக்கூடாதாம். இந்த வீட்டில், இந்த நாளில்.

"குடுங்க அண்ணி, மாத்திக் குடுத்துடறேன்."

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி. அட்டையை விடவில்லை.

எல்லாவற்றையும் படித்தாள். நூறு வருஷம் இருக்க வேண்டுமாம். கேக் எப்போது என்று ஒருவன். ஊரில் எல்லா லிஃப்டும் இன்று ஒருநாள் ஓடட்டும், உங்களுக்கு ரெஸ்ட் என்று ஒருவன். இடமே இல்லாமல் எழுதித் தள்ளியிருந்தார்கள். வலது கீழ் மூலை மட்டும் காலி. சுற்றியிருந்த எழுத்துகள் அந்த இடத்துக்கு வழிவிட்டு வளைந்து போயிருந்தன.

ஏன் எழுதவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முந்தாநாள் இரவு சாப்பிடும்போது அவர் சொன்னார். "ரெண்டாம் லைனுக்கு நாளன்னைக்குப் பிறந்த நாள். பாவம், ஒரு வாரமா சரியாவே சாப்பிடல." அண்ணிக்குச் சுருக்கென்றது. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று இந்த மனுஷன் என்றைக்காவது கவனித்திருக்கிறாரா? வாயில் வந்ததை அன்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரசித்து மெல்லுவது மாதிரி மென்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. தட்டில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம்?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

கூடத்தில் ஒரு கைபேசி அடித்தது. ரெண்டாம் லைனுடையது. ஆபீஸில் இரண்டு லைனிலும் ஆள் இல்லாததால், மாட்டிக்கொள்கிறவர்களின் அழைப்பெல்லாம் இன்று அவள் கைபேசிக்கு வருவதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து அடுப்படிக்குள் ஓடினாள். அண்ணியும் எழுந்தாள், அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

"வணக்கம், சொல்லுங்க... பயப்படாதீங்க. கதவைக் கையால தள்ளாதீங்க. எத்தனாவது மாடின்னு உள்ள எழுதியிருக்கா பாருங்க." கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்ற ஸ்லோ மோஷனிடம் கட்டடத்தின் பெயரைச் சொன்னாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடினான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. "ஆள் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க அப்படியே கீழ உக்காந்துக்கோங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?... ஓ, பேத்தியா? எத்தனாவது படிக்கிறா?"

கால் மணி நேரம் பேசினாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, குரலில் ஓர் ஈரம் இல்லை. அண்ணி நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வேலை செய்து அவள் பார்த்ததே கிடையாது. இப்படித்தான் செய்திருப்பார் போல. இந்தக் கேள்விகளெல்லாம் அவருடையவை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஏனென்றால் ஒன்றுகூட அவளிடம் கேட்டதில்லை.

மெக்கானிக் கதவைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது. ரெண்டாம் லைன் கைபேசியை வைத்துவிட்டு, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் அண்ணி.

ரெண்டாம் லைன் திரும்பினாள். மழுப்பவில்லை.

"லைன்ல ஒரு அம்மா இருந்தாங்கக்கா. ரொம்பப் பயந்துட்டாங்க. 'ஆள் வந்துக்கிட்டே இருக்கு, பயப்படாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. திடீர்னு ஹெட்செட்டைக் கழட்டி என் பக்கம் நீட்டினாரு. 'இவங்களப் பாத்துக்கோங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லக்கா."

பொய் சொல்லியிருக்கலாம், உங்களைக் கேட்டார் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கைப்பை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு லிஃப்டுக்குள் நின்றிருந்த, முகம் தெரியாத அந்த அம்மாள்மீதுகூட அண்ணிக்குப் பொறாமையாக இருந்தது.

"அந்தம்மா வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். ஒரு கண்ணால சாரைப் பாத்துக்கிட்டே பேசினேன்க்கா. ஆம்புலன்ஸுக்கு மேனேஜர் கூப்பிட்டாரு. நான் லைனை வைக்க முடியாதே. வெச்சா அவங்க பயந்துடுவாங்களே. சார் கையைப் பிடிக்கக்கூட எனக்கு..." அதற்குமேல் குரல் வரவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில், பேச்சின் நடுவில் அந்தக் குரல் உடைந்து அண்ணி கேட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் பார்த்தபோதுதான் அண்ணிக்கு ஒன்று உறைத்தது. அவள் முகம் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தது. அழுது வீங்கினால் இரண்டு பக்கமும் அல்லவா வீங்க வேண்டும்?

"கன்னம் என்ன இப்படி இருக்கு?"

"பல்லுக்கா. ஒரு வாரமா. சாப்பிடவே முடியல." ரெண்டாம் லைன் கைக்குட்டையால் கன்னத்தை மூடிக்கொண்டாள். இந்த நாளில் போய் இதைச் சொல்கிறோமே என்று அவளுக்கு வெட்கம். "சார் உங்ககிட்ட சொல்லி டோக்கன் வாங்கித் தரேன்னாரு. வேலை மும்முரத்துல மறந்துட்டாரு போல."

"மறக்கல" என்றாள் அண்ணி.

கூடத்தில் மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி அட்டையை அடுப்பு மேடையில் வைத்தாள். ரெண்டாம் லைன் பலூன்களைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றாள் அண்ணி. "உங்க கண்ணுல படக்கூடாதாமே."

ரெண்டாம் லைன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்தபடி அண்ணி பால்காரர் கணக்கு எழுதுகிற பேனாவை எடுத்தாள்.

அன்றைக்குச் சொல்லாமல் மென்று விழுங்கியது அப்படியே இருந்தது, ஒரு சொல் கலையாமல். காலி மூலையில் எழுதினாள்: "நீங்க பட்டினி கிடந்தா அடுத்த வீட்டு ஆம்பளைக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது." எழுத எழுத, அந்த இரவு இதைக் கேட்டிருந்தால் அவர் எழுந்துபோயிருப்பார், கையைக் கழுவிக்கொண்டு, "ம்" என்று சொல்லிவிட்டு, என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் "ஆனா" என்று எழுதினாள்.

பேனா அங்கேயே நின்றது. அந்தப் பாதியை அவள் எழுதியதே இல்லை. அதற்கு வேறு ஆள் இருந்தது. என்னென்னவோ வந்தது, எதுவும் அவர் எழுதுகிற மாதிரி வரவில்லை. மை ஓரிடத்தில் ஊறிப் புள்ளியாகிவிடும்போல இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"இப்படி ஜன்னல் பக்கம் வாங்க."

ரெண்டாம் லைன் திரும்பி வந்தாள். அண்ணி அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வதைப் பார்த்து வந்த பழக்கம்.

"வாயைத் திறங்க. இன்னும் நல்லா."

கீழ் வரிசையில், கடைவாய்ப் பல் பாதி கறுத்துச் சொத்தையாகியிருந்தது. ஈறு சிவந்து புடைத்திருந்தது. வாயைத் திறந்தபடியே ரெண்டாம் லைன் அழுதாள், சத்தம் வரவில்லை. தண்ணீர் வழிந்து அண்ணியின் விரல்களில் இறங்கியது. அண்ணி கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்து, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.